வளர்ந்த பொலிகுதிரைக்கு ஆண்மை நீக்கம்: குணம் எவ்வளவு மாறும், எப்போது மாறும்?

புதுடெல்லி: ராஜஸ்தானின் புஷ்கரில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டியும், மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டம் சாரங்கேடாவில் டிசம்பர் மாதம் தத்த ஜெயந்தியை ஒட்டியும் கூடும் குதிரைச் சந்தைகளில், மக்கள் முதலில் சூழ்ந்துகொள்வது மார்வாரி, காத்தியவாரி இனப் பொலிகுதிரைகளைத்தான். வில்லாய் வளைந்த கழுத்து, நுனிகள் ஒன்றையொன்று நோக்கி மடங்கிய காதுகள், நின்ற இடத்தில் நில்லாத துள்ளல் ஆகியவற்றைக் கண்டே விலை பேசப்படுகிறது. சந்தை முடிந்து குதிரை லாயத்துக்கு வந்து சேர்ந்த பின், அதே துள்ளல் அதைப் பராமரிப்பவரின் கவலையாகிவிடுகிறது.

பெண் குதிரை அருகே வந்தால் கயிற்றை அறுக்க முயல்வது, பிற ஆண் குதிரைகளைக் கடிப்பது, தீவனம் வைக்க வருபவர் மீது பாய்வது என நிலைமை முற்றும்போது உரிமையாளர் கால்நடை மருத்துவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: ஆறு வயதான, எட்டு வயதான குதிரைக்கு இப்போது ஆண்மை நீக்கம் செய்தால் சாதுவாகிவிடுமா?

பெரும்பாலான குதிரைகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படும். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே அது வந்துவிடாது. எல்லாக் கெட்ட பழக்கங்களும் மறைந்துவிடும் என்பதற்கும் உறுதி இல்லை. இந்த இரண்டு செய்திகளையும் அறியாமல் குதிரையை அணுகுவோரே பெரும்பாலும் காயமடைகின்றனர்.

பெயரும் முறையும்

இனப்பெருக்கத் திறனுடன் உள்ள வளர்ந்த ஆண் குதிரையே பொலிகுதிரை. விரைகளை அகற்றிய ஆண் குதிரைக்கு வட இந்தியச் சந்தைகளில் ‘அக்தா’ என்று பெயர்; பாரசீகத்திலிருந்து வந்த சொல் இது. தமிழில் மாடுகளுக்கு வழங்கும் ‘காயடித்தல்’ என்னும் சொல், விரைகளை நசுக்கும் பழைய முறையை நினைவூட்டுவது. காளைகளுக்கு இன்றும் இடுக்கி போன்ற கருவியால் தோலைக் கிழிக்காமல் உள்ளே இரத்தக் குழாயை நசுக்கும் முறை நடைமுறையில் உள்ளது. குதிரைகளுக்கு அது ஏற்றதல்ல. குதிரைக்கு இரு விரைகளையும் அறுவை சிகிச்சையால் முழுமையாக அகற்றுவதே முறை. எனவே இக்கட்டுரையில் ‘ஆண்மை நீக்கம்’ என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

உலகின் பல நாடுகளில் இது ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் செய்யப்படும் வழக்கமான சிகிச்சை. இந்தியாவில், குறிப்பாக ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில், ஆண் குதிரையை அப்படியே வைத்திருப்பது குடும்பத்தின் பெருமையாகக் கருதப்படுவதால், முடிவு தள்ளிப்போகிறது. குதிரை கட்டுக்கடங்காமல் போன பின்னரே மருத்துவர் அழைக்கப்படுகிறார். வட இந்தியத் திருமணங்களில் மணமகன் ஏறிவர ‘கோடி’ எனப்படும் பெண் குதிரையையே வழக்கமாகத் தேர்வதும், மேளச் சத்தத்துக்கும் வாணவேடிக்கைக்கும் இடையே பொலிகுதிரையை நம்ப இயலாது என்ற அனுபவ அறிவோடு பொருந்திப் போவதே.

ஹார்மோன் குறைகிறது, பழக்கம் நிற்கிறது

பொலிகுதிரையின் நடத்தைக்குப் பின்னால் உள்ள முதன்மையான விசை டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன். அதன் பெரும்பகுதி விரைகளில் உற்பத்தியாகிறது. விரைகள் அகற்றப்பட்டதும் இரத்தத்தில் அதன் அளவு ஓரிரு நாட்களிலேயே மிகவும் குறைந்துவிடுகிறது. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் சிறிதளவே எஞ்சுகிறது. ஆக, வேதியியல் அளவில் மாற்றம் மிக வேகமானது.

நடத்தை அவ்வளவு வேகமாக மாறாததற்குக் காரணங்கள் உண்டு. ஆண் குதிரையின் மூளை, அது தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஆண் ஹார்மோன்களின் தாக்கத்துக்கு உள்ளாகிறது. மூன்று மாதக் குட்டிகூட விளையாட்டில் மற்றொரு குட்டியின் மீது ஏற முயல்வதைக் குதிரை வளர்ப்போர் அனைவரும் கண்டிருப்பர். பருவமடைவதற்கு முன்பே அமைந்துவிட்ட இந்த அடித்தளத்தை அறுவை சிகிச்சை தொடுவதில்லை.

அடுத்தது கற்றல். ஐந்து, ஆறு ஆண்டுகள் பொலிகுதிரையாக வாழ்ந்த விலங்கு, எதைச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பலமுறை செய்து அறிந்திருக்கிறது. பல்லைக் காட்டினால் பராமரிப்பாளர் பின்வாங்குவார். முன்னங்கால்களைத் தூக்கினால் கயிறு தளர்த்தப்படும். குறிப்பிட்ட வாசல் வழியே அழைத்துச் சென்றால் அங்கே பெண் குதிரை காத்திருக்கும். தொடங்கி வைத்தது ஹார்மோனாக இருக்கலாம். பல ஆண்டுகள் பலனளித்த பின் அது வழக்கமாகிவிடுகிறது. வழக்கம் மங்குவதற்கு வாரங்களும், சில குதிரைகளில் மாதங்களும், அரிதாக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

இது தொடர்பாக அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, 1985-ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. இரண்டு வயதுக்கு முன் ஆண்மை நீக்கம் செய்யப்பட்ட குதிரைகளையும் மூன்று வயதுக்குப் பின் செய்யப்பட்ட குதிரைகளையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். சிறு வயதிலேயே செய்யப்பட்ட குதிரைகளிலும் சுமார் 20 முதல் 30 சதவீதம் வரை, பெண் குதிரையை நாடுதல், பிற குதிரைகளைத் தாக்குதல் போன்ற பொலிகுதிரைக் குணங்களைப் பின்னாளில் காட்டின. தாமதமாகச் செய்யப்பட்டவற்றோடு ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு தென்படவில்லை.

இந்த முடிவை இரு விதமாக வாசிக்கலாம். சிறு வயதில் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது ஓர் எச்சரிக்கை. மறுபுறம், வயதாகிவிட்டது, இனிப் பயனில்லை என்று கைவிடுவோருக்கு இது ஆறுதல். இந்தியச் சூழலில் இரண்டாவது வாசிப்புக்கே மதிப்பு அதிகம் எனத் தோன்றுகிறது. இங்கே மருத்துவரிடம் வரும் குதிரைகள் பெரும்பாலும் வளர்ந்தவையே.

எவை மறையும், எவை எஞ்சும்

பெண் குதிரையைக் கண்டதும் உரக்கக் கனைத்தல், தழுவ முயலுதல், தீவனத்தை மறந்து நாள் முழுதும் வேலியோரம் நடைபோடுதல் ஆகியன ஹார்மோனோடு நெருங்கிய தொடர்புடையவை. இவை பெரும்பாலும் முதலில் தணிகின்றன. பிற ஆண் குதிரைகளோடு மோதுவதும் பல குதிரைகளில் குறைகிறது. சாணத்தை ஒரே இடத்தில் குவித்து எல்லை குறிப்பது, சிறுநீரை முகர்ந்து மேலுதட்டைச் சுருட்டுவது போன்றவை நீடிக்கலாம். அவற்றால் யாருக்கும் தீங்கில்லை. உதட்டைச் சுருட்டுவதைப் பெண் குதிரைகளும் செய்வதுண்டு.

மனிதரை நோக்கிய சினம் வேறு வகை. கடிப்பதும் உதைப்பதும் அச்சத்தாலோ, வலியாலோ, முரட்டுக் கையாளுதலாலோ பிறந்தவை எனில், விரைகளை அகற்றுவதால் அவை நீங்கிவிடா. சேணம் உரசி முதுகில் புண் இருக்கும் குதிரை, ஆணாயினும் பெண்ணாயினும் கடிக்கத்தான் செய்யும். பல்வலி உள்ள குதிரை கடிவாளத்தைக் கண்டு தலையை வீசத்தான் செய்யும். எனவே, மனிதரைத் தாக்கும் குதிரைக்கு ஆண்மை நீக்கம் பரிந்துரைக்கும் முன், வாய், முதுகு, குளம்பு ஆகியவற்றை மருத்துவர் சோதிப்பது இன்றியமையாதது. நடைமுறையில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் இந்தச் சோதனைதான்.

அமெரிக்கப் பந்தயக் குதிரை ஜான் ஹென்றி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொட்டியையும் வாளியையும் மிதித்து நசுக்கும் முரட்டுக் குணத்தால், நாட்டுப்புறக் கதையின் சம்மட்டி வீரன் பெயரைப் பெற்ற குதிரை அது. குணத்தைத் தணிக்கவே ஆண்மை நீக்கம் செய்யப்பட்டது. ஆயினும் முரட்டுத்தனம் இறுதிவரை முற்றிலும் போகவில்லை. 1981, 1984 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டின் ஆண்டின் சிறந்த குதிரையாகத் தேர்வானது. ஆண்மை நீக்கினால் குதிரை உயிர்ப்பிழந்து சோம்பிவிடும் என்று அஞ்சுவோருக்கும் இதுவே பதில். வேகமும் கற்கும் திறனும் பயிற்சியையும் உடல்கட்டையும் சார்ந்தவை; கவனச் சிதறல் குறைவதால் பயிற்சி எளிதாவதையே பயிற்சியாளர்கள் பலர் காண்கின்றனர்.

தோற்றத்தில் மாற்றம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பொலிகுதிரைக்கே உரிய தடித்த பிடரி மேடு, மாதங்கள் செல்லச் செல்ல ஓரளவு இளைக்கும். சந்தையில் விலை பெற்றுத் தரும் அழகு அதுவே என்பதால், விற்பனையை மனத்தில் வைத்திருப்போர் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே. எலும்பு வளர்ச்சி முடிந்த குதிரையின் உயரத்திலும் உடல் அமைப்பிலும் வேறு மாற்றம் நேராது.

கருத்தரிக்கச் செய்யுமா?

அறுவை சிகிச்சை முடிந்த குதிரையை உடனே பெண் குதிரைகளோடு விடலாகாது. விரைகள் அகற்றப்பட்டாலும், விந்துக் குழாயின் மேற்பகுதியில் ஏற்கெனவே தங்கிய உயிரணுக்கள் சில நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடும். குறைந்தது 30 நாட்கள் பிரித்து வைக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவது வழக்கம். சிலர் 60 நாட்கள் என்பர். கருத்தரிப்பு அச்சம் நீங்கிய பின்னும், புண் ஆறாத குதிரை பெண் குதிரை மீது ஏற முயன்றால் இரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதால் இந்தப் பிரிவு இருவகையிலும் பயன் தருகிறது.

கருத்தரிக்கும் திறனும் ஆண் குணமும் ஒன்றல்ல என்பதற்குக் கோவேறு கழுதை சான்று. ஆண் கோவேறு கழுதை பிறப்பிலேயே மலட்டுத்தன்மை உடையது. குட்டி ஈனச் செய்ய இயலாது. ஆனால் அதன் விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. அதனால் ஆண் குணங்கள் அனைத்தும் அதற்கு உண்டு. ஆயிரக்கணக்கான யாத்திரிகர்கள் நடக்கும் கேதார்நாத் போன்ற குறுகிய மலைப்பாதையில், ஆண்மை நீக்கம் செய்யப்படாத ஒரு கோவேறு கழுதை, பெண் குதிரையைக் கண்டு திரும்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாற்றமே இல்லை என்றால்

ஆறு மாதங்கள் கடந்தும் பொலிகுதிரைக் குணம் சற்றும் குறையாத குதிரைகளைப் பற்றிச் சந்தைகளில் ஒரு விளக்கம் உலவுகிறது. ‘கொஞ்சம் விட்டு வெட்டிவிட்டார்கள்’ என்பர். விரையோடு ஒட்டிய விந்து நாளச் சுருள் உள்ளே தங்கிவிட்டதே காரணம் என்ற இந்த நம்பிக்கை பல நாடுகளிலும் உண்டு. அந்தத் திசு டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பதில்லை என்பதால், அது மட்டும் தங்கியதால் குணம் எஞ்சாது.

உண்மையில் ஐயப்பட வேண்டியது இறங்காத விரையை. சில ஆண் குதிரைகளுக்கு ஒரு விரை, வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்குக் கால்வாயிலோ தங்கிவிடும். வெளியே தெரிந்த ஒன்றை மட்டும் அகற்றினால், உள்ளே இருப்பது ஹார்மோனைத் தொடர்ந்து சுரக்கும். உடலின் வெப்பத்தால் அதில் உயிரணுக்கள் உருவாகாமல் போகலாம். குணம் மட்டும் அப்படியே இருக்கும். முன்பே ஆண்மை நீக்கம் ஆனது என்று சொல்லி விற்கப்பட்ட குதிரை முரண்டு பிடித்தால், வாங்கியவர் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை மூலம் இதைக் கண்டறியலாம். விரைத் திசு மட்டுமே வெளியிடும் ஏஎம்ஹெச் ஹார்மோனின் அளவைப் பார்ப்பது ஒரு வழி. தூண்டல் ஊசி செலுத்துவதற்கு முன்னும் பின்னும் டெஸ்டோஸ்டிரோனை அளப்பது மற்றொன்று. இரண்டிலும் விரைத் திசு இல்லை எனத் தெரிந்தால், எஞ்சியிருப்பது பழக்கம். அதற்கு மருந்து பயிற்சியே.

சட்டம் ‘சிறு சேவை’ என்கிறது

வளர்ந்த குதிரையில் இந்த அறுவை சிகிச்சை, குட்டியில் செய்வதைவிடக் கடினமானது. விரைகள் பெரியவை, அவற்றுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் தடித்தவை. இரத்தப்போக்கு, வீக்கம், தொற்று ஆகிய அபாயங்கள் கூடுகின்றன. அரிதாகக் குடல், வெட்டிய வழியே வெளியே சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குதிரைகள் டெட்டனஸ் நோய்க்கு மிக எளிதில் இலக்காகும் விலங்குகள் என்பதால் அதற்கான தடுப்பூசி கட்டாயம். மயக்க மருந்து, வலி நீக்கி, இரத்தக் குழாயை நசுக்கி வெட்டும் தனிக் கருவி, சிகிச்சைக்குப் பின் கண்காணிப்பு என எல்லாம் தேவை. முதல் நாள் ஓய்வுக்குப் பின் அன்றாடம் நடத்திச் செல்வது வீக்கத்தைக் குறைக்கும். பரிதாபப்பட்டுக் குதிரையை லாயத்திலேயே கட்டிவைப்பது வீக்கத்தை அதிகமாக்கும்.

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பதிவு பெற்ற மருத்துவரே கால்நடை மருத்துவம் செய்யலாம் என்கிறது. அதே சட்டம், தடுப்பூசி, புண்ணுக்குக் கட்டுப்போடுதல் ஆகியவற்றோடு ஆண்மை நீக்கத்தையும் ‘சிறு கால்நடை மருத்துவச் சேவை’ என வகைப்படுத்தி, மாநில அரசு அனுமதித்தால் பட்டயம் பெற்ற பணியாளர்கள் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் அதைச் செய்யலாம் என்கிறது. கிராமத்துக் காளைக் கன்றுக்கு இது பொருந்தலாம். எட்டு வயதுப் பொலிகுதிரைக்கு ‘சிறு சேவை’ என்ற சொல் பொருந்துவதாகத் தெரியவில்லை. குதிரையைப் பொறுத்தவரை, அனுபவமுள்ள மருத்துவரை நாடுவதே பாதுகாப்பானது.

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, விலங்குகளை ஊனப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. விதிக்கப்பட்ட முறையில் செய்யப்படும் ஆண்மை நீக்கத்துக்கு அதில் விலக்கு உண்டு. மயக்க மருந்தின்றிக் கயிற்றால் வீழ்த்திக் கத்தியால் அறுக்கும் பழைய வழக்கம், சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், குதிரைக்கு மனிதர் மீது வாழ்நாள் அச்சத்தை விதைத்துவிடுகிறது. சினத்தைத் தணிக்கச் செய்த சிகிச்சையே சினத்துக்குக் காரணமாவது இங்கேதான்.

கயிறும் முள்கடிவாளமும்

ஆண்மை நீக்கம் செய்யாமல் கட்டுப்படுத்த முயலும்போது என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே இந்த முடிவை எடைபோட வேண்டும். முன்புறம் ‘அகாடி’, பின்னங்கால்களில் ‘பிச்சாடி’ என இருபுறமும் கயிறு கட்டி நாள் முழுதும் நிற்கவைக்கப்படும் பொலிகுதிரைகளை வட இந்திய லாயங்கள் பலவற்றில் காணலாம். முள் பதித்த கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடை விதிகளே தடை செய்துள்ளன. ஆயினும் அதன் பயன்பாடு ஒழிந்துவிடவில்லை. குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. பொலிகுதிரை பிற குதிரைகளைத் தொடக்கூட இயலாமல் தனியே அடைக்கப்படும்போது, தலையை ஆட்டிக்கொண்டே இருத்தல், தன் விலாவைத் தானே கடித்தல் போன்ற பழக்கங்கள் தோன்றுகின்றன.

எல்லாப் பொலிகுதிரைகளையும் தனிமைப்படுத்தியே ஆகவேண்டும் என்பதும் உறுதியல்ல. சுவிட்சர்லாந்தின் அவான்ஷ் தேசியக் குதிரைப் பண்ணையில், பெண் குதிரைகள் அருகில் இல்லாத விரிந்த மேய்ச்சல் நிலத்தில் பொலிகுதிரைகளைக் குழுவாக விட்டு ஆய்வு செய்தபோது, தொடக்க நாட்களின் மோதல் விரைவில் தணிந்தது. ஆனால் அதற்கு நிலம், அனுபவம், பெண் குதிரையின் வாசனை எட்டாத தொலைவு என யாவும் வேண்டும். ஊர் நடுவே இரண்டு குதிரைகளை வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய குதிரைக்கு, ஆண்மை நீக்கத்துக்குப் பின் கிடைக்கும் மிகப்பெரிய ஆதாயம் தோழமை. பிற குதிரைகளோடு மேயவும் கழுத்தோடு கழுத்து உரசி நிற்கவும் அது முதன்முறையாக அனுமதிக்கப்படுகிறது.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதமும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் குதிரைகள், மட்டக்குதிரைகள் எண்ணிக்கை சுமார் 3.4 லட்சம். 2012-ஆம் ஆண்டுக் கணக்கைவிட இது 45.6 சதவீதம் குறைவு. இந்நிலையில் தூய இனப் பொலிகுதிரை ஒன்றின் வழியை முடித்துவிடுவது மீளமுடியாத செயல். வம்சாவளி தெளிவாக உள்ள சிறந்த குதிரை எனில், ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்திடமோ இனப் பதிவு அமைப்பிடமோ முன்கூட்டியே ஆலோசிப்பதும், விந்தைச் சேகரித்து உறையவைக்க வாய்ப்பு உண்டா எனக் கேட்பதும் நல்லது. ஆனால் லாயங்களில் கட்டிக் கிடக்கும் ஆண் குதிரைகள் அனைத்தும் அத்தகையவை அல்ல. நல்ல பொலிகுதிரை ஒன்றே பல பெண் குதிரைகளுக்குப் போதுமானது.

முதல் மாதங்களில்

சிகிச்சைக்குப் பிந்தைய முதல் இரண்டு மூன்று மாதங்களில், குதிரையை இன்னும் பொலிகுதிரையாகவே கருதி நடத்த வேண்டும். பிள்ளைகளைத் தனியே அருகில் அனுப்பக்கூடாது. புண் ஆறியதும் தரைப் பயிற்சியைத் தொடங்கலாம். நிற்கச் சொன்னால் நிற்பது, பின்வாங்கச் சொன்னால் பின்வாங்குவது என எளியவற்றிலிருந்து தொடங்குவதே சிறந்தது. முன்பு பெண் குதிரைகளிடம் அழைத்துச் சென்ற வழி, அப்போது பயன்படுத்திய கயிறு, கடிவாளம் ஆகியவற்றை மாற்றிவிட்டால் பழைய நினைவு தூண்டப்படுவது குறையும். இனவிருத்திக்குப் பயன்படுத்தப்பட்ட குதிரைகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

தானியத் தீவனத்தை வேலைக்கேற்பக் குறைப்பதும் அவசியம். முன்பு நாள் முழுதும் வேலியோரம் நடந்து சக்தியைச் செலவிட்ட குதிரை, இப்போது நின்று தின்னத் தொடங்கும். அதே அளவு கொண்டைக்கடலையும் பார்லியும் கொடுத்தால் சில மாதங்களில் உடல் பருத்துவிடும். மற்ற குதிரைகளோடு சேர்ப்பதை, முதலில் வேலிக்கு அப்பாலிருந்து பார்க்கவிட்டு, பின்னர் சாதுவான ஒரு குதிரையோடு மட்டும் விட்டு, மோதல் இல்லை எனக் கண்ட பின் குழுவில் சேர்ப்பது எனப் படிப்படியாகச் செய்ய வேண்டும். பின்னங்கால் லாடங்களை அந்நாட்களில் கழற்றிவிடுவது, உதை விழுந்தாலும் காயத்தின் கடுமையைக் குறைக்கும்.